நாலு வருஷம் தண்ணீர் காணாத மாந்தோப்பு: இப்போதே வெட்டலாமா?

புதுத்தோப்பு:
எல்லோருக்கும் வணக்கம். நத்தம் பக்கம் சித்தப்பா வைத்திருந்த தோப்பு இப்போது எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. செம்மண், மேடு, கிணற்றில் தண்ணீர் குறைவு. பெரும்பாலும் கல்லாமை மா, கொஞ்சம் செந்தூரம், எல்லாமே 25 வயதுக்கு மேல். ஓரத்தில் கொய்யாவும் எலுமிச்சையும் உண்டு. நாலு வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. நுனி வாதுகள் காய்ந்து நிற்கின்றன, சில மரங்களின் அடியில் மரத்தூள் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு மரங்களில் வேறு மாதிரி இலையோடு ஒரு செடி கொத்தாக வளர்ந்திருக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர் மரங்களை மொத்தமாகத் தலைவெட்டி, யூரியா போட்டு, லாரித் தண்ணீர் விடச் சொல்கிறார். செய்யலாமா?

மானாவாரி:
தம்பி, இந்தப் பங்குனி வெயிலில் ரம்பத்தைத் தொடாதீர்கள். நிழலிலேயே இருந்த பட்டையில் திடீரென்று வெயில் விழுந்தால் வெந்து வெடிக்கும், அந்த வெடிப்பில்தான் மரத்தைத் துளைக்கும் வண்டு முட்டை வைக்கும். முதலில் எது உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். வாதில் நகத்தால் லேசாகச் சுரண்டினால் பச்சை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கீழே கீழே வந்து சுரண்டுங்கள். பச்சை தொடங்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைத்தால் பிறகு வெட்டும்போது குழப்பம் இருக்காது.

யூரியா வேண்டாம். வறண்ட வேருக்கு அது சூடுதான்.

தண்ணீரை அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை, உறிஞ்சும் வேர் இலைப்பரப்பின் விளிம்புக்குக் கீழேதான் இருக்கும். அங்கே ஒரு சாண் ஆழத்துக்கு வட்டமாக வாய்க்கால் எடுத்து, 200 லிட்டர் டிரம் ஒன்றை மெதுவாக இறக்குங்கள். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் போதும். தினமும் ஒரு குடம் ஊற்றினால் மேல்மண்தான் நனையும். மேலே சருகு, சோளத்தட்டை எது கிடைத்தாலும் மூடாக்குப் போடுங்கள். அடிமரத்தை ஒட்ட மட்டும் வேண்டாம், கரையானுக்கு விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

புதுத்தோப்பு:
நன்றி அண்ணே. சுரண்டிப் பார்த்துவிட்டேன். ஒரு செந்தூரம் அடிவரை காய்ந்துவிட்டது, மற்றதெல்லாம் பச்சைதான். அந்த மரத்தூளுக்கு என்ன செய்வது?

கவாத்துக்காரன்:
தண்டு துளைப்பான். தூள் ஈரமாகப் புதிதாக இருந்தால் புழு உள்ளே இருக்கிறது. சைக்கிள் ஸ்போக் கம்பியின் நுனியைக் கொக்கி மாதிரி வளைத்து ஓட்டையில் விட்டுத் திருகி இழுங்கள். விரல் தடிமன் வெள்ளைப் புழு வரும். வராவிட்டாலும் உள்ளே குத்திச் சாகடித்துவிட்டு ஓட்டையைக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி தூள் தள்ளியிருந்தால் இன்னொன்று இருக்கிறது என்று அர்த்தம். தளர்ந்த பட்டையைச் சுரண்டி, தாரும் மண்ணெண்ணெயும் 1:2 கலந்து அடியிலிருந்து 3 அடி உயரம் பூசினால் வண்டு முட்டை வைப்பது குறையும்.

வேறு இலைக் கொத்து புல்லுருவி. வெளியே தெரிவதை மட்டும் ஒடித்தால் மறுபடி முளைக்கும், வேர் மரத்துக்குள் ஓடியிருக்கும். ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே வாதையே அறுக்க வேண்டும். இதற்கு மட்டும் அறுவடை முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பழுத்தால் பறவைகள் விதையைத் தோப்பு முழுக்க ஒட்டிவிடும்.

ஒன்றில் மானாவாரி அண்ணனோடு எனக்கு மாற்றுக் கருத்து. மரம் ரொம்ப உயரமாக, உள்ளே இருட்டாக இருந்தால் தலைவெட்டே நல்லது என்பேன்.

மானாவாரி:
தண்ணீர் வசதி உள்ள தோப்புக்கு அது சரி. இவருக்குக் கிணறே தடுமாறுகிறது. தலைவெட்டிய மாமரம் மறுபடி காய்க்க இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரை யார் செலவு பார்ப்பது? அறுவடை முடிந்ததும், ஆகஸ்ட் செப்டம்பரில், காய்ந்ததையும் குறுக்கே உரசும் வாதையும் எடுத்து நடுவில் வெளிச்சம் விழ வைத்தால் போதும். மீதியை அடுத்த வருஷம் பார்க்கலாம். வடகிழக்கு மழைக்கு முன்னால் மரத்துக்கு 50 கிலோ தொழு உரம் வையுங்கள். மழை முடிந்து பூ வரும்வரை தண்ணீர் கட்டாதீர்கள், கட்டினால் பூவுக்குப் பதில் தளிர்தான் வரும்.

கவாத்துக்காரன்:
செலவுக் கணக்கு பார்த்தால் அண்ணன் சொல்வது நியாயம்தான். எப்படி வெட்டினாலும் வெட்டுக்காயத்தில் போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் கத்தியை முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது, படிந்தால் இன்னும் சுண்ணாம்பு சேருங்கள்.

புதுத்தோப்பு:
கொய்யா, எலுமிச்சைக்கும் இதேதானா?

கவாத்துக்காரன்:
எலுமிச்சையில் காய்ந்த குச்சிகளை, கொஞ்சம் பச்சையும் சேர்த்து வெட்டுங்கள். வேர் மேலாகவே ஓடும், அதனால் மண்வெட்டியால் ஆழமாகக் கொத்த வேண்டாம். கொய்யாவுக்குப் பயப்படவே தேவையில்லை. இடுப்பளவுக்கு வெட்டினாலும் துளிர்க்கும், புதுத் துளிரிலேயே பூக்கும், மா மாதிரி வருஷக்கணக்கில் காக்க வைக்காது. ஆனால் அந்தத் துளிர் ஆட்டுக்கு உயிர். வேலியில் ஓட்டை இருந்தால் முதலில் முள் வெட்டி அடைத்துவிட்டு அப்புறம் கொய்யாவில் கை வையுங்கள்.