முதல் திருத்தம் எழுத்துப்பிழையிலா, கணக்கிலா?

முதல்சுழி:
கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் ஓரளவு வரும். வகுப்பில் போட்ட கணக்குகளைச் சரிபார்க்க ஒரு வருடமாகச் சிம்பை என்ற பைத்தான் கணித மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதற்கே ஏதாவது செய்ய வேண்டும் என்று இப்போது ஆசை. அதன் குறிமுறை இருக்கும் கிட்ஹப் தளத்தில், எளிதானவை என்று குறியிட்ட இஷ்யூக்களை, அதாவது தீர்க்க வேண்டிய சிக்கல்களின் பதிவுகளைத் திறந்தால், ஒவ்வொன்றின் கீழும் ‘நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். ஆவணத்தில் எழுத்துப்பிழை திருத்து, அதுதான் வாசல் என்கிறார் சீனியர் ஒருவர். முதலில் இயற்கணிதத்தை முழுதாகப் படி என்கிறார் பேராசிரியர். யார் சொல்வதைக் கேட்பது?

வெண்பலகை:
எழுத்துப்பிழை வேண்டாம் தம்பி. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் ஒருவர் உட்கார்ந்து படிக்க வேண்டும். பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்து வந்து படிப்பவர். ஒரு கால்புள்ளிக்காக அவர் நேரத்தை எடுப்பது எனக்கு மனசு ஒப்பாத காரியம்.

உங்கள் பாடப்புத்தகத்தைத் திறந்து, தொகையீட்டுக் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துப் பாருங்கள். வந்த விடையை வகையிட்டு, பழைய சார்பு திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வரையறுத்த தொகையீடு என்றால் எண்முறையிலும் ஒரு தடவை கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

எதைத் தேடுவது என்று கேட்டால், இதோ ஒன்று. 1-ஐ (2 + காஸ் எக்ஸ்) ஆல் வகுத்து, 0 முதல் 2பை வரை தொகையிட வேண்டும். அரைக்கோண டேன் பிரதியிட்டுக் கிடைக்கும் சார்பில் எல்லைகளை அப்படியே போட்டால் விடை பூஜ்ஜியம். ஆனால் உள்ளே இருக்கும் சார்பு எங்குமே மூன்றில் ஒன்றுக்குக் கீழே இறங்காது. பரப்பு எப்படிப் பூஜ்ஜியமாகும்? அந்தத் தொகைச் சார்பு பை என்ற இடத்தில் துள்ளுகிறது, அதுதான் காரணம். சரியான விடை 2பை/√3, ஏறக்குறைய 3.6276. எந்தக் கணித மென்பொருளாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். இதைக் கண்டுபிடிக்க இரண்டாம் ஆண்டுப் படிப்பே போதும், பேராசிரியர் சொல்வதுபோல் எல்லாம் முடித்துவிட்டு வர வேண்டியதில்லை.

கிளைநுனி:
வெண்பலகை சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, புதிதாக வருபவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். கணக்கு தெரிந்தவர்கள்கூடத் திரும்பிப் போவது நடைமுறையில் சிக்கித்தான்.

சிம்பைக்கு நான் முதலில் அனுப்பியது ஆவணத்தில் இரண்டு வரி. அனுப்பிய கொஞ்ச நேரத்தில், தானியங்கிச் சோதனை தோற்றதாகச் சிவப்புக் குறி. என்ன தப்பு செய்தேன் என்றே புரியவில்லை. பதிவேட்டைத் திறந்து கீழே வரை படித்த பிறகுதான் தெரிந்தது: புதிதாக வருபவர் தன் பெயரையும் மின்னஞ்சலையும் ‘மெயில்மேப்’ என்ற கோப்பில் சேர்க்க வேண்டும், நான் சேர்க்கவில்லை. வெளியீட்டுக் குறிப்புக்கான பகுதியையும் நிரப்பவில்லை. இதே சிவப்புக் குறி இருநூறு வரி எழுதி அனுப்பிய அன்று வந்திருந்தால் அப்போதே விட்டுவிட்டுப் போயிருப்பேன். சின்னதாக ஒன்றை முழுச் சுற்றும் ஓட்டிப் பார்த்ததில்தான், குறிமுறையின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் எனக்குப் பழகியது.

வெண்பலகை:
அதைப் பழக கிட்ஹப்பில் உங்கள் சொந்தக் குறிமுறைக் களஞ்சியம் போதுமே! அடுத்தவர் நேரம் எதற்கு?

கிளைநுனி:
சொந்தக் களஞ்சியத்தில் திருத்தத்தைப் படித்து ரிவ்யூ செய்பவர் யாரும் இல்லை. ஒருவர் ‘இதை மாற்றுங்கள்’ என்று எழுதும்போது, கோபப்படாமல் அதே கிளையில் (திருத்தம் இருக்கும் தனிப் பிரதியில்) திருத்தி மறுபடி அனுப்பத் தெரிய வேண்டும். அதைத் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. அப்புறம், ஆவணம் என்றால் கால்புள்ளி என்று ஏன் எடுத்துக்கொள்கிறீர்கள்? சிம்பையிலும், சேஜ்மேத் என்ற இன்னொரு கணித மென்பொருளிலும் ஆவணத்தில் இருக்கும் எடுத்துக்காட்டுகளே சோதனையாக ஓடுகின்றன. விடை மாறினால் சோதனை தோற்கும். ஒரு நல்ல எடுத்துக்காட்டு எழுதுவது கணக்கு வேலைதான்.

வெண்பலகை:
எடுத்துக்காட்டு என்றால் சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் கேட்டால் எக்ஸ் வரவில்லையே என்று எத்தனையோ பேர் குழம்புகிறார்கள். சிம்பையில் எதுவும் சொல்லாமல் விட்டால் எக்ஸ் ஒரு கலப்பெண். எக்ஸின் மதிப்பு மைனஸ் ஐ (−i) என்று வையுங்கள்: வர்க்கம் −1, அதன் வர்க்கமூலம் ஐ. அது எக்ஸும் இல்லை, எக்ஸின் மட்டு மதிப்பும் இல்லை. மெய்யெண் என்று அறிவித்தால் மட்டு மதிப்பு வரும், மிகையெண் என்றால் எக்ஸே வரும். இந்த நாலு வரியைத் தெளிவாக எழுதி வைப்பவருக்கு நான் நன்றி சொல்வேன். கால்புள்ளி விஷயத்தில் மட்டும் இறங்கி வர மாட்டேன்.

குலக்கோட்பாடு:
இரண்டு பேருமே சிம்பையை விட்டு வெளியே வரவில்லை. எந்தக் கணிதம் பிடிக்கிறதோ அந்த மென்பொருளுக்குப் போகச் சொல்லுங்கள். குலங்கள் (குரூப்) பிடித்தால் காப் மென்பொருள்: 1986-இல் ஜெர்மனியின் ஆகனில் தொடங்கியது, அதன் நூலகத்தில் பெரும்பகுதி அதன் சொந்த மொழியிலேயே இருப்பதால் திறந்து படிக்கலாம். எண்கோட்பாடு என்றால் பிரான்சின் போர்டோவில் பிறந்த பாரி மென்பொருள். எல்லாம் ஓரிடத்தில் வேண்டும் என்றால் வில்லியம் ஸ்டைன் 2005-இல் தொடங்கிய சேஜ்மேத். அதை மூலநிரலிலிருந்து கட்டமைக்க மணிக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். பழைய வழிகாட்டிகள், சேஜ்மேத் முன்பு பயன்படுத்திய ட்ராக் தளத்துக்குப் போகச் சொன்னால் விட்டுவிடுங்கள், 2023-இல் எல்லாம் கிட்ஹப்புக்கு மாறிவிட்டது.

மழைக்கணக்கு:
திறந்தமூல மென்பொருளுக்கு எழுத உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோடை யாரும் சொல்லவில்லையே? 2022-லிருந்து அது மாணவர்களுக்கு மட்டும் என்றில்லை, போட்டி கூடியிருக்கிறது. சிம்பை விண்ணப்பிப்பவரிடம் முன்கூட்டியே ஒரு திருத்தம் கேட்டுவந்திருக்கிறது. விண்ணப்பத் தேதியை வைத்துத் திட்டமிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வெண்பலகை:
தேதியை வைத்து வருபவர் தேதி முடிந்ததும் போய்விடுகிறார். பாதியில் விட்ட திருத்தங்கள் எத்தனை கிடக்கின்றன, போய்ப் பாருங்கள். இயந்திரம் எழுதித் தந்ததை அப்படியே ஒட்டி அனுப்புவதும் இந்த அவசரத்தில்தான் நடக்கிறது. ‘இந்த வரி ஏன்?’ என்று கேட்டால் பதில் இருப்பதில்லை.

மழைக்கணக்கு:
எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். அந்த உதவித்தொகை இருந்ததால்தான் நான் மூன்று மாதம் வேறு வேலை தேடாமல் குறிமுறை எழுதினேன். இன்றும் ரிவ்யூ செய்கிறேன்.

முதல்சுழி:
பத்து நாள் கழித்து வருகிறேன். வெண்பலகை அண்ணா சொன்னபடி தேடியதில் புது வழு எதுவும் கிடைக்கவில்லை. அதனால் பழைய இஷ்யூக்களை எடுத்து, இப்போதைய வளர்ச்சிப் பதிப்பில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் விடை ஏற்கெனவே சரியாகவே வருகிறது, ஆனால் இஷ்யூ இன்னும் திறந்தே இருக்கிறது. விடையை வகையிட்டும் எண் கொடுத்தும் சரிபார்த்தேன். அது மறுபடி கெடாமல் இருக்க மூன்று வரிச் சோதனை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

கிளைநுனி:
அருமை! மெயில்மேப்?

முதல்சுழி:
முதல் கமிட்டிலேயே (கிட்டில் செய்த முதல் பதிவிலேயே) சேர்த்துவிட்டேன். ரிவ்யூ செய்தவர் இஷ்யூ எண்ணைச் சோதனைக்கு மேலே குறிப்பாக எழுதச் சொல்லியிருக்கிறார், அதைத்தான் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன்.