நல்ல கையைக் கட்டிப்போட்ட ரெண்டு வாரம் (ஸ்ட்ரோக் வந்த வீட்டுக்காரங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க)

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து அஞ்சு மாசம், வலது பக்கம். கால் ஓரளவு தேறி ஸ்டிக் ஊனி வாசல் வரைக்கும் போறாரு, கைதான் மடியிலயே கெடந்துச்சு. சுத்தமா வராதுன்னு இல்ல, பிசியோ முன்னாடி மணிக்கட்டைத் தூக்குவாரு, விரலை நீட்டுவாரு, அவர் கெளம்புனதும் எல்லாத்துக்கும் இடது கைதான். பாதி எங்க அம்மாவால, சட்டை பட்டன்லேர்ந்து சோறு பெசஞ்சு ஊட்டுற வரைக்கும் அவங்களே செஞ்சுருவாங்க.

புதுசா வந்த பிசியோ தம்பி, நல்ல கைய மூடி வைங்கன்னாரு. நல்ல கையக் கட்டிட்டு, வராத கையையே வேலை வாங்குற இந்தப் பயிற்சிக்கு சிஐஎம்டின்னு பேராம். அமெரிக்காவுல எட்வர்ட் டாப்னு ஒருத்தர் கொரங்கோட ஒரு கைக்குப் போற உணர்ச்சி நரம்பை வெட்டிப் பாத்திருக்காரு, அது அந்தக் கையவே உபயோகிக்கல, நல்ல கையக் கட்டிப்போட்டதும் வேற வழியில்லாம அதைத் தூக்குச்சு. (அந்தக் கொரங்குகள வச்சிருந்த லட்சணத்துக்கு 1981ல போலீஸ் ரெய்டே நடந்துச்சு, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு.) அப்புறம் 2006ல எக்ஸைட்னு ஒரு ஆய்வு, ஸ்ட்ரோக் வந்து 3லேர்ந்து 9 மாசம் ஆன 222 பேரு, ஒரு குரூப்புக்கு முழிச்சிருக்கிற நேரத்துல 90 சதவீதம் நல்ல கைக்கு உறை, ரெண்டு வாரம், கூடவே தெனமும் மணிக்கணக்கா பயிற்சி. ஒரு வருஷம் கழிச்சும் அவங்க கை தேறுனது அப்படியே நின்னுருக்கு.

அம்மா பழைய தலைகாணி உறைய வெட்டிப் பை தச்சாங்க. மொத நாள் டம்ளரத் தூக்கி எறிஞ்சாரு. கொண்டக்கடலைய ஒரு கிண்ணத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு ஒவ்வொண்ணா மாத்தணும், பாதி தரையிலதான். ஒன்பதாவது நாள் டிவி பாத்துக்கிட்டே வலது கையால மூக்கச் சொறிஞ்சாரு, யாரும் சொல்லல. பாத்ரூம் போறப்ப, ஸ்டிக் புடிக்கறப்ப மட்டும் உறையக் கழட்டிருவோம், விழுந்துட்டா என்ன பண்றது.

கொங்கு மருமகள்: அம்மாவ குத்தம் சொல்லாதீங்க ப்ளீஸ். மாமனாருக்கு ஆள் வச்சா காசுன்னு நானே யூடியூப் பாத்து செஞ்சேன், மூணு மாசம் கையப் புடிச்சு இழுத்ததுல தோள் வலி வந்ததுதான் மிச்சம். நம்ம இந்தியாவுலயே அட்டெண்ட்னு ஒரு ஆய்வு, 14 ஆஸ்பத்திரி, 1250 பேரு, வீட்டு ஆளுக்கே முறையா சொல்லிக்குடுத்து அனுப்பிருக்காங்க, 2017ல ரிசல்ட், ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா வழக்கமான கவனிப்பு மட்டும் கெடச்சவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. சொல்லிக்குடுத்தவங்களுக்கே அப்படி, நான் எம்மாத்திரம்.

மதுரைப் பேரன்: எங்க ஆத்தாவுக்கு கை கால் நல்லாருக்கு, பேச்சுதான் போச்சு. தண்ணின்னு கேக்க வராது, ஆனா கொள்ளுப்பேரன மடியில போட்டா தாலாட்டு ஒரு வார்த்தை பிசகாம வருது! ஸ்பீச் தெரபிஸ்ட் மேடம் அதையே புடிச்சுக்கிட்டாங்க, 1973லயே பாஸ்டன்ல ராகம் போட்டுப் பேச வைக்கிற முறை ஒண்ணு கொண்டு வந்துட்டாங்களாம். இடது கையால தட்டிக்கிட்டே “தண்ணி வேணும்”னு இழுத்துப் பாடணும். ரெண்டு மாசமாச்சு, இப்ப தண்ணி, காப்பி, போதும் மூணும் வருது, ராகத்தோடதான். வர்றவங்க சிரிக்கிறாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும்.

முதல்ல எழுதுனவர்: கொங்கு அக்கா, அம்மாவுக்கு நீங்க எழுதுனத படிச்சுக் காட்டுனேன், “பாத்தியா”ன்னாங்க. மதுரை தம்பி, அந்த மேடம் வீடியோ கால்ல பாப்பாங்களா? அப்பாவுக்கும் பேச்சு கொஞ்சம் கொழறுது.