பிளாட்டோ எண்ணை எப்போது நம்பலாம்? மூச்சு இயக்கவியல் அளவீட்டில் கண்டவை

தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து:

வென்டிலேட்டரில் (செயற்கைச் சுவாசக் கருவி) மூச்சை உள்ளே செலுத்திய முடிவில் ஹோல்ட் பட்டனை அழுத்தினால் ஃப்ளோ, அதாவது காற்றோட்டம், நின்று திரையில் ஒரு எண் வந்துவிடும்; அந்த நிறுத்த அழுத்தம்தான் பிளாட்டோ. அதை அப்படியே சார்ட்டில் ஏற்றுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். முதலில் திரையில் ஓடும் அழுத்த அலைக்கோடு, பிறகுதான் எண்.

வால்யூம் கன்ட்ரோல் (ஒவ்வொரு மூச்சிலும் குறித்த அளவு காற்று), சதுர வடிவ ஃப்ளோ (உள்மூச்சு முழுக்க ஒரே வேகம்), நிமிடத்துக்கு 60 லிட்டர். நொடிக்கு 1 லிட்டர் ஆகிவிடுவதால் வகுக்கிற வேலை மிச்சம். டைடல் (ஒரு மூச்சின் காற்று) 420 மி.லி., பீக் (உச்ச அழுத்தம்) 34, பிளாட்டோ 24, பீப் (வெளிமூச்சின் முடிவிலும் மிஞ்சும்படி வைக்கும் அழுத்தம்) 8 என்று வையுங்கள் (அழுத்தமெல்லாம் செ.மீ. நீர்). 34-இல் 24 போக 10, அது காற்றுப்பாதையின் தடை. மூச்சுக்குழாயில் போட்ட டியூபின் தடையும் அதற்குள் அடக்கம். 24-இல் 8 போக 16. 420-ஐ 16-ஆல் வகுத்தால் கம்ப்ளையன்ஸ் (விரியும் தன்மை, ஒரு செ.மீ. அழுத்தத்துக்கு எத்தனை மி.லி.) 26. வேகம் குறைந்துகொண்டே போகும் இறங்குமுக ஃப்ளோவில் இந்தத் தடைக் கணக்கைப் போடாதீர்கள். மூச்சின் கடைசியில் அங்கே ஃப்ளோவே அநேகமாக இருக்காது.

நிறுத்தத்தின்போது கோடு சற்றே சரிந்து சமமாக வேண்டும். சமமாகாமல் சரிந்துகொண்டே போனால் கசிவு. கஃப் (டியூபைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் பை) அழுத்தம் 20–30-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கோடு குழிந்தாலோ மேலே ஏறினாலோ நோயாளி தன் தசையால் இழுக்கிறார் அல்லது தள்ளுகிறார். அந்த அளவீடு கணக்கில் வராது.

அதிகம் ஏமாற்றுவது ஆட்டோ பீப், அதாவது முழுதாக வெளியேறாமல் உள்ளே தங்கிய காற்றின் அழுத்தம். சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நோய்) நோயாளிக்கு நாம் வைத்த பீப் 5. மூச்சை வெளிவிட்ட முடிவில் ஹோல்ட் போட்டால் 12 காட்டும். டைடல் 450, பிளாட்டோ 27 என்றால், 5-ஐக் கழித்துப் போட்டால் கம்ப்ளையன்ஸ் 20, 12-ஐக் கழித்தால் 30. ஒரே நெஞ்சு, ஒரே நிமிடம்!

உணவுக்குழாய் பலூன் பயன்படுத்துபவர்:

மேலே வந்த 26 நுரையீரலும் நெஞ்சுக்கூடும் சேர்ந்த கணக்கு. உடல் பருமனானவர்களிடமும் வயிறு உப்பியவர்களிடமும் இரண்டையும் பிரிக்காமல் முடிவெடுக்கக் கூடாது. நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தத்தை உணவுக்குழாய் பலூன் காட்டுவதால் பிரிக்க முடிகிறது.

பலூன் உள்ள கத்தீட்டரை (மெல்லிய குழாய்) மூக்கு வழியாக 55–60 செ.மீ. வரை இறக்குங்கள். வயிற்றை மெல்ல அழுத்தினால் அழுத்தம் ஏறும், அது இரைப்பை. பிறகு 40 செ.மீ. அளவுக்கு இழுக்கும்போது கோட்டில் இதயத்துடிப்பின் சின்னச் சின்ன அலைகள் தெரியும். பலூனில் நிரப்பும் காற்றின் அளவு ஒவ்வொரு கத்தீட்டருக்கும் வேறு. குறைந்தால் ஏற்ற இறக்கம் மழுங்கிவிடும். கூடினால் உணவுக்குழாயின் சுவரே அழுத்தி எண்ணை உயர்த்திவிடும்.

சோதிக்காமல் நம்பாதீர்கள். தானாக மூச்சு விடாத நோயாளியிடம் வெளிமூச்சின் முடிவில் ஹோல்ட் போட்டு, நெஞ்சை மெதுவாக அழுத்துங்கள். இரண்டு அழுத்தமும் சேர்ந்து ஏற வேண்டும்; பலூனின் ஏற்றத்தைக் காற்றுப்பாதையின் ஏற்றத்தால் வகுத்தால் 0.8 முதல் 1.2 வரை வரணும். காற்றுப்பாதையில் 6, பலூனில் 3 என்றால் விகிதம் 0.5. பலூனை நகர்த்துங்கள், அல்லது காற்றை முழுக்க எடுத்துவிட்டுத் திரும்ப நிரப்புங்கள்.

நுரையீரல் செயல்திறன் ஆய்வகத்திலிருந்து:

உட்கார்ந்து சாதாரணமாக மூச்சுவிட முடிந்தவர்களுக்கு ஆஸிலோமெட்ரி (வாய் வழியாகச் சிறு அழுத்த அலைகளை அனுப்பித் தடையை அளப்பது) போதும். 1956-இல் டூபாய்ஸ் (DuBois) குழுவினர் விவரித்த முறைதான் அடிப்படை. ஸ்பைரோமெட்ரிக்கு (ஆழ இழுத்து வேகமாக ஊதும் சோதனை) முன்பே செய்துவிடுங்கள். ஆழ்ந்த மூச்சு காற்றுப்பாதையின் இறுக்கத்தையே மாற்றிவிடும். பெரியவர்களுக்கு 30 நொடி, குறைந்தது 3 முறை, 5 ஹெர்ட்ஸ் அலையில் அளந்த தடையின் மாறுபாடு 10 சதவீதத்துக்குள். தெரிந்த தடையுள்ள சோதனைக் குழாயை நோயாளி வருவதற்கு முன்பே மாட்டிப் பார்ப்பது தினசரி வேலை.

நாக்கு மவுத்பீஸை மறைத்தால் தடை எகிறும். உதட்டோரம் கசிந்தால் குறையும். எச்சில் விழுங்கினால் ஃப்ளோ சுழியத்தைத் தொட்டு ஒரு முள் குத்தும். அந்த மூச்சை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஆஸிலோமெட்ரியின்போது கன்னத்தை நோயாளியே பிடித்துக்கொண்டால் போதுமா?

ஆய்வகத்திலிருந்து: பெரியவர்களுக்குப் போதும். உள்ளங்கை கன்னத்தில், விரல்கள் தாடைக்கு அடியில், முழங்கையை நெஞ்சில் ஊன்றாமல். கன்னம் துடித்தால் அலையின் ஒரு பங்கு அங்கேயே செலவாகி, தடை உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். குழந்தை என்றால் பின்னால் நின்று நீங்கள் பிடியுங்கள்.