இரும்பு முதலாளியின் கடிதங்கள்

மாலதி அக்கா: (படம்) நேற்று ஹேக் நகரில் இந்தக் கட்டடத்தைப் பார்த்தோம். சர்வதேச நீதிமன்றம் இருப்பது இங்கேதான். உள்ளே விடவில்லை, கேட்டுக்கு வெளியே நின்று எடுத்தேன்.

சித்தி: அரண்மனை மாதிரி இருக்கிறதே! எந்த ராஜா கட்டியது?

நான்: ராஜா இல்லை சித்தி. அமெரிக்க இரும்பு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 1903இல் 15 லட்சம் டாலர் கொடுத்துக் கட்டிய அமைதி மாளிகை. 1901இல் கம்பெனியை விற்ற பிறகு அவருக்கு வேலையே இரண்டுதான். தானம் கொடுப்பது, ஜனாதிபதிக்குக் கடிதம் எழுதுவது.

தம்பி: கான்ட்ராக்ட் கேட்டா?

நான்: இல்லடா. நாடுகள் சண்டை போடாமல் நடுவர் முன்னால் உட்கார வேண்டும் என்று. அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு எழுதித் தள்ளினார். அவரும் மரியாதையாகப் பதில் போடுவார். ஆனால் வேறு ஆளுக்கு எழுதும்போது, இந்த மனிதரைப் பிடித்துப்போக எவ்வளவோ முயன்றேன், முடியவில்லை என்கிற மாதிரிப் புலம்புவார். பதவி முடிந்து ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போய்ப் பணம் பற்றாதபோது மட்டும் கார்னெகி காசு இனித்தது.

சித்தி: நம் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

தம்பி: 😄😄

நான்: அடுத்து வந்த டாஃப்ட், நாட்டின் மானப் பிரச்சினையைக்கூட நடுவரிடம் விடலாம் என்று 1910இல் பேசிவிட்டார். கார்னெகிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டிசம்பரிலேயே அமைதிப் பணிக்கு 1 கோடி டாலர் எழுதி வைத்தார். போர் ஒழிந்த பிறகு, மிச்சமிருப்பதில் எது பெரிய தீமையோ அதை ஒழிக்கச் செலவிடுங்கள் என்று அதில் சொல்லியும் வைத்தார்!

நான்: 1911 ஆகஸ்டில் பிரிட்டன், பிரான்சோடு அப்படி நடுவர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்க செனட்டில் ஒப்பந்தத்தை ஆளுக்கொரு கிளையாக வெட்டினார்கள். யாரைக் குடியேற விடுவது என்பது நடுவரிடம் போகக் கூடாது. அமெரிக்க மாநிலங்கள் திருப்பித் தராத பழைய கடனும் போகக் கூடாது. கடைசியில் டாஃப்ட் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

பெரிய மாமா: எல்லாம் சரி மாப்பிள்ளை. ஹோம்ஸ்டெட்டை ஏன் விட்டுவிட்டாய்?

நான்: சொல்லத்தான் வந்தேன் மாமா.

பெரிய மாமா: 1892. அவருடைய ஆலைதான். கூலியைக் குறைத்தார்கள், சங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, கதவடைப்பு. பின்கர்ட்டன் என்கிற தனியார் காவல் கம்பெனி ஆட்கள் 300 பேரைப் படகில் ஏற்றி இராத்திரியோடு ஆற்று வழியே கொண்டுவந்தார்கள். விடிந்ததும் துப்பாக்கிச் சூடு, இரண்டு பக்கமும் பிணம். முதலாளி எங்கே? ஸ்காட்லாந்தில். மேனேஜர் ஃப்ரிக் பார்த்துக்கொள்வாராம். நாங்கள் மில் வாசலில் கஞ்சி காய்ச்சி உட்கார்ந்திருந்தபோதும் எங்கள் முதலாளி ஊட்டியில்தான் இருந்தார்.

தம்பி: ஜனாதிபதிக்கு எழுதிய கடிதத்தில் ஒன்றை அந்தச் சங்கத்துக்கும் எழுதியிருக்கலாம்.

மாலதி அக்கா: கட்டடத்தைக் குறை சொல்லாதீர்கள் மாமா. 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பல் காவலர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்களே, ஒருவர் நம் குமரி மாவட்டம். நடுவர் மன்றம் அதை விசாரித்தது இங்கேதான்.

பெரிய மாமா: தீர்ப்பு?

மாலதி அக்கா: 2020இல் வந்தது. இத்தாலி நஷ்டஈடு தர வேண்டும், சுட்டவர்களை இந்தியா விசாரிக்க முடியாது. 10 கோடி ரூபாய் கொடுத்தார்கள்.

பெரிய மாமா: ம்.

சித்தி: மாலதி, அங்கே குளிர் எப்படி? ஸ்வெட்டர் இல்லாமல் நிற்கிறாயே.

நான்: மாமா, அந்த மில் கதையை முழுதாகச் சொல்லுங்களேன்.

பெரிய மாமா: இதில் டைப் அடித்து மாளாது. சாயங்காலம் வீட்டுக்கு வா.