கணினிப் பதிவால் நோயாளிக்கு என்ன நன்மை?

கேள்வி: செவிலியர், கடலூர்

கடலூருக்கு அருகே ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். வருகிற ஒவ்வொருவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் முதலில் பதிவேட்டில் எழுதி, பிறகு அதையே டேப்லெட்டிலும் ஏற்றுகிறோம். அதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடுகிறது. மாதக் கணக்கு அனுப்புவது எளிதாயிற்றே தவிர, என் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இதனால் என்ன நன்மை என்பது விளங்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற மருத்துவர், புதுச்சேரி

எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவர் கையிலுள்ள நோட்டே போதும், சகோதரி. கணினி உதவுவது வராதவருக்குத்தான். இரண்டு மாதமாக மாத்திரை வாங்க வராதவர் யார் என்பதைப் பதிவேட்டில் தேட வேண்டுமானால் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். ஒழுங்காக அமைந்த மென்பொருளோ தவணை தவறியவர்களின் பட்டியலைத் தொலைபேசி எண்ணோடு தானே எடுத்துத் தரும். 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம், எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்பதோடு நிற்காமல், எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழே இறங்கியது என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு நாள்வரிசையில் எழுதிய நோட்டுகளை வைத்துப் பதில் சொல்வது பெரும்பாடு.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் 2004 ஏப்ரல் முதல் குடும்ப மருத்துவர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைக் கணினியில் பதிவான, சிகிச்சையின் தரத்தை அளக்கும் குறியீடுகளோடு இணைத்தார்கள். எண்ணப்படும் நோய்கள் கவனம் பெற்றன. எண்ணப்படாதவை பின்தங்கிவிடுமோ என்ற கவலையும் கூடவே எழுந்தது. ஸ்காட்லாந்து 2016-இல் அந்த முறையைக் கைவிட்டது. நம் ஊரில் இலக்கு நெருக்குகிறதே என்று கருவியைச் சுற்றாமலேயே 130/80 என்று ஏற்றினால், பட்டியல் அழகாக இருக்கும், பக்கவாதம் வந்தபடியே இருக்கும்.

பதில் 2: மென்பொருள் துறையில் இருப்பவர், புதுச்சேரி

மருத்துவர் ஐயா சொன்னதோடு எல்லைச் சிக்கலையும் சேர்க்க வேண்டும். என் தந்தை கடலூர் மாவட்டத்தில் வசிக்கிறார். மாத்திரை அங்கே, இதயப் பரிசோதனை புதுச்சேரியில். மாற்றி எழுதிய மருந்துச் சீட்டை அவர் பேருந்திலேயே தொலைத்துவிட்டதால், ஊர் நிலையத்தில் மூன்று மாதம் பழைய அளவையே கொடுத்தார்கள். தேசிய மின்னணு சுகாதாரத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15-இல் சோதனை முறையில் தொடங்கிய ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27-இல் அது நாடு முழுவதும் விரிந்தது. அத்திட்டம் தரும் 14 இலக்கச் சுகாதார எண்ணை வாங்குவதால் மட்டும் பதிவு நகர்ந்துவிடாது. பதிவு உருவான இடத்திலேயே இருக்கும். இரு மருத்துவமனைகளும் அதை அந்த எண்ணோடு இணைத்து, நோயாளியும் இசைவு தந்தால்தான் மற்றவர் பார்க்க முடியும்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. தவணை தவறியவர்களின் பட்டியலை இன்றுதான் திறந்து பார்த்தேன். பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் ஒழுங்காக வருவார்கள், மற்ற மாதங்களில் எங்கள் காலை நேரம் அவர்களுக்கு ஒத்துவராது. வாரத்தில் ஒரு மாலை மாத்திரை வழங்க அனுமதி கேட்டு, அந்தப் பட்டியலை இணைத்து மருத்துவ அலுவலரிடம் கொடுக்கப்போகிறேன். இரண்டு பதிவேடுகளில் ஒன்றையாவது நிறுத்தும்படி அதிலேயே கேட்பதாக இருக்கிறேன்.