தெலுங்கு எழுத்து வந்ததிலிருந்து அப்பாவின் ஐபோனில் புலனம் (வாட்ஸ்அப்) திறக்கவில்லை

பட்டர்வொர்த் மகள், 17 பிப்ரவரி 2018

வணக்கம். நேற்று சீனப் பெருநாள் விடுமுறையில் எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அண்ணன் மகன் விளையாட்டாக ஒரே ஒரு தெலுங்கு எழுத்தை அனுப்பினான். அப்பாவின் ஐபோனில் அறிவிப்பு எட்டிப்பார்த்த மறுகணமே திரை கறுத்து, நடுவில் வட்டம் சுழன்று, பூட்டுத்திரைக்குத் திரும்பிவிட்டது. அதன்பின் புலனத்தைத் தொட்டால் திறப்பதுபோல் தோன்றி உடனே மூடிக்கொள்கிறது. என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதே எழுத்தால் எந்தத் தொல்லையும் இல்லை. கடைகளெல்லாம் பெருநாளுக்காக மூடியிருக்கின்றன. செயலியை நீக்கிவிட்டு மீண்டும் பதிவிறக்கலாம் என்றால், சென்ற ஆண்டு மறைந்த அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருக்கின்றன; நகல் எடுத்து வைக்கவில்லை. அவற்றை இழக்காமல் சரிசெய்ய முடியுமா? இது வைரஸா?

ஜார்ஜ்டவுன் வாசகர், 17 பிப்ரவரி

செயலியை நீக்கிவிடாதீர்கள். அந்த எழுத்தை யாரும் இங்கே ஒட்டவும் வேண்டாம். ஐபோனில் படிப்பவர்களுக்கும் அதே கதி நேரும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நிரலர், 17 பிப்ரவரி

சகோதரி, இது வைரஸ் அன்று. ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11.2.5 பதிப்பில், எழுத்துகளைத் திரையில் வரைந்து காட்டும் கோர்டெக்ஸ்ட் என்னும் பகுதியில் உள்ள பிழை. ஜகரம், புள்ளியைப் போன்ற விராமம், ஞகரம், எழுத்துகள் ஒட்டாமல் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி, கடைசியில் நெடில் குறி என ஐந்து யூனிகோட் குறிகள் (கணினி எழுத்துகளை அடையாளம் காணும் குறியீடுகள்) அந்த வரிசையில் வரும்போது, அவற்றை எப்படி அடுக்குவது என்று தெரியாமல் அப்பகுதி நிலைகுலைகிறது. வரையச் சொன்ன செயலியும் அதனுடன் சேர்ந்து விழுகிறது. அறிவிப்பை முகப்புத்திரையே வரைவதால்தான் உங்கள் தந்தையின் திரை கறுத்தது. 2015இல் அரபு எழுத்துகள் கலந்த ஒரு குறுஞ்செய்தி ஐபோன்களை இப்படித்தான் முடக்கியது.

அனுப்பியதைத் திரும்பப் பெறப் புலனம் தரும் அவகாசம் கடந்துவிட்டது. ஆகவே நீங்கள் அதே குழுவில் சாதாரணச் செய்தி ஒன்றை அனுப்புங்கள். உரையாடல் பட்டியலில் குழுவின் பெயருக்குக் கீழே கடைசிச் செய்தியாக அதுவே தெரியும் என்பதால் செயலி திறக்க வாய்ப்புண்டு. குழுவின் உள்ளே நுழையாமல், பட்டியலிலேயே அதன் பெயரை இடப்பக்கம் தள்ளி, அந்தக் குழுவின் உரையாடலை மட்டும் அழியுங்கள். அம்மாவுடனான உரையாடல் தனியாக இருந்தால் அதற்கு ஒன்றும் ஆகாது.

பாகான் டத்தோ, 18 பிப்ரவரி

தெலுங்கு என் தாய்மொழி. இரண்டு நாள்களாகப் பலரும் இதை 'வைரஸ் எழுத்து' என்று பரப்புவது வேதனையளிக்கிறது. ஞானம் என்ற சொல்லைத் தெலுங்கில் எழுதினால் முதலில் வருவது இந்த எழுத்துதான். நிரலர் சொன்ன மறைகுறி இல்லாமல் வழக்கம்போல் எழுதினால் எந்த ஐபோனும் நிலைகுலையாது. வங்காள எழுத்திலும் இந்தி எழுதப்படும் தேவநாகரியிலும் இத்தகைய வரிசைகள் இதே பிழையைத் தூண்டுகின்றன என்பதால், குறையை மொழியின்மேல் ஏற்றுவது நியாயமன்று.

பட்டர்வொர்த் மகள், 20 பிப்ரவரி

அனைவருக்கும் நன்றி. முதலில் 'அப்பா, சாப்பிட்டீர்களா' என்று குழுவில் அனுப்பினேன், புலனம் திறந்தது. குழு உரையாடலை மட்டும் அழித்தோம். இன்று காலை இந்தப் பிழையைச் சரிசெய்யும் ஐஓஎஸ் 11.2.6 வந்திருந்ததைக் கண்டு, குரல் பதிவுகளை எல்லாம் கணினிக்கு மாற்றிய பிறகே புதுப்பித்தேன். அண்ணன் மகன் தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டான். அப்பா இப்போது வாசலில் அமர்ந்து அம்மாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.