கொள்ளுத்தாத்தாவுக்கு நினைவுக் குறிப்பு: "ஹெம்" என்றால் என்ன?

மின்னசோட்டா மருமகள்:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவர் வீட்டார் சுவீடனிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துக்கு வந்து குடியேறியவர்களின் வழி வந்தவர்கள். வரும் ஜூனில் மாமியாரின் தாத்தாவுடைய கல்லறைக் கல்லைச் சுத்தம் செய்து, குடும்பமாகக் கூடப் போகிறோம். அங்கே வாசிக்க அவரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொல்லி மாமியார் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். "உன் அப்பா போனபோது எழுதினாயே, அப்படி எழுது" என்றார். என் அப்பாவை எனக்குத் தெரியும். இவரை யாருக்குமே தெரியாது.

கையில் இருப்பது கொஞ்சம்தான். 1847இல் தெற்கு சுவீடனின் ஸ்மோலாந்தில் பிறந்தார். 1869இல் கோதன்பர்க்கில் கப்பலேறினார். மின்னசோட்டாவின் தென்மேற்கில் ஹோம்ஸ்டெட் சட்டப்படி (குடியிருந்து பயிர் செய்தால் அரசு நிலம் சொந்தமாகும்) 160 ஏக்கர் நிலம் பெற்றார். 1926இல் இறந்தார். உள்ளூர்ப் பத்திரிகையில் ஆறு வரி இரங்கல்: பக்தியுள்ளவர், உழைப்பாளி, நல்ல கணவர், அன்பான தந்தை. அந்த ஆறு வரியை யார் பெயருக்குக் கீழேயும் போட்டுவிடலாம். மனைவியின் பெயர்கூட அதில் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவருடைய சுவீடிஷ் வேதாகமம் வீட்டில் இருக்கிறது. முன்தாளில் ஒன்பது பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். இரண்டு பெயர்களுக்கு எதிரே மட்டும் இன்னொரு தேதி. இரண்டுமே 1879 நவம்பர், ஒன்பது நாள் இடைவெளி. அவற்றின் பக்கத்தில் "ஹெம்" என்று ஒரே சொல். இரண்டாவதை எழுதும்போது பேனா முனை தாளைக் கீறியிருக்கிறது. பின்பக்கம் தடவினால் அந்தக் கீறல் விரலில் தட்டுப்படுகிறது. ஏதோ ஊர்ப்பெயரின் சுருக்கம் என்றுதான் மாமியார் இத்தனை வருடம் நினைத்திருக்கிறார். அது என்ன சொல்?

அப்புறம் ஒரு சங்கடம். ஒரு வருடம் வெட்டிக் காயப்போட்ட புல் வயலில் கிடக்க, ஞாயிறு மதியம் மேகம் திரண்டிருக்கிறது. பிள்ளைகள் வண்டியைப் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு ஓய்வுநாள், வேலை கூடாது என்று இவர் வந்து குதிரைகளை அவிழ்த்து விட்டுவிட்டு, ஜெபப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாராம். புல் முழுக்க நனைந்து அழுகியது. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு மாடுகளை விற்க வேண்டி வந்தது. மாமியாரின் அப்பா இதைக் கடைசிவரை கோபத்தோடுதான் சொல்வாராம். கல்லறையில் நின்று இதை வாசிக்கலாமா?

பழைய ஏடு:

சகோதரி, "ஹெம்" ஊர்ப்பெயர் இல்லை. சுவீடிஷில் வீடு, வீட்டுக்கு என்று பொருள். பக்தியுள்ளவர்கள் சாவைச் சொல்லும் சொல் "ஹெம்கோங்", வீடு திரும்புதல். நம் கிறிஸ்தவ வீடுகளில் "பரம வீடு சேர்ந்தார்" என்கிறோமே, அதேதான். குழந்தைகள் செத்துப்போனார்கள் என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதியிருக்கிறார். ஒன்பது நாளில் இரண்டு பிள்ளைகள் என்றால் தொண்டை அடைப்பான் நோயாக (டிப்தீரியா) இருக்கலாம். அந்தக் காலத்தில் அது ஒரே வீட்டில் அடுத்தடுத்து பிள்ளைகளைக் கொண்டுபோனது. ஆனால் சான்று கிடைக்காமல் அதை எழுதிவிடாதீர்கள்.

ஆவணப் பிரியன்:

அக்கா, இவரைப் பற்றி யாருக்கும் தெரியாது என்று விட்டுவிட வேண்டாம். சுவீடனில் போதகர்கள் வீட்டு வீடாக விசாரணை நடத்தி, யாருக்கு வாசிக்க வரும், யாருக்கு ஞானோபதேசம் எவ்வளவு தெரியும் என்று பேரேட்டில் குறித்து வைத்தார்கள். ஊரைவிட்டுப் போனால் அதையும் எழுதினார்கள். சுவீடனின் தேசிய ஆவணக் காப்பகம் இந்தப் பேரேடுகளை 2018 முதல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கிறது. பிறந்த சபையின் பெயர் தெரிந்தால் போதும், சிறுவயதில் அவர் எப்படி வாசித்தார் என்பதுகூடக் கிடைக்கலாம்.

மனைவியின் பெயரைத் தேட: அமெரிக்காவில் குடியேறிய சுவீடிஷ்காரர்களில் பலர் அகஸ்தானா லுத்தரன் சபையைச் சேர்ந்திருந்தார்கள். அந்தச் சபைகளின் பதிவேடுகள் மைக்ரோஃபிலிமாக இல்லினாயின் ராக் ஐலண்டில் உள்ள ஸ்வென்சன் மையத்தில் (சுவீடிஷ் குடியேறிகளைப் பற்றிய ஆய்வு மையம்) இருக்கின்றன. பழைய சுவீடிஷ் வழக்கப்படி பெண்கள் தகப்பன் பெயரோடு "டாட்டர்" (மகள்) சேர்த்துத்தான் தங்கள் பெயரை எழுதினார்கள். கணவர் பெயரில் தேடினால் அந்த அம்மா அகப்பட மாட்டார்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஹோம்ஸ்டெட் கோப்பு. வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஐந்து வருடம் குடியிருந்து பயிர் செய்ததற்கு அவர் கொடுத்த வாக்குமூலமும், இரண்டு சாட்சிகள் சொன்னதும் அதில் இருக்கும்.

வெண்பனி:

புல் கதையைக் கட்டாயம் வாசியுங்கள், கோபத்தோடு சேர்த்தே வாசியுங்கள். அந்த ஊரில் 1873 முதல் 1877 வரை வெட்டுக்கிளி பயிரை மொட்டையடித்தது. 1877 ஏப்ரல் 26ஆம் தேதியை ஆளுநர் பில்ஸ்பரி மாநிலம் முழுவதற்கும் ஜெப நாளாக அறிவித்தார். உங்கள் தாத்தா அப்போது அங்கே உழுதுகொண்டிருந்தவர். தன் கையில் எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த மனிதருக்கு ஓய்வுநாள் கட்டளை வெறும் விதியாக இருந்திருக்காது. மாடு விற்ற வலி மகனுக்கும் நிஜம்தான். இரண்டில் ஒன்றை நீங்கள் மறைத்தால் கேட்பவர்களுக்கு அது தெரிந்துவிடும்.

மின்னசோட்டா மருமகள்:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். கோப்பு வந்துவிட்டது.

1880 ஏப்ரலில் கொடுத்த வாக்குமூலம். மரக்கட்டை வீடு, பதினாறுக்கு இருபது அடி, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். 38 ஏக்கர் உழுது பண்படுத்தியது. ஒரு தொழுவம், ஒரு கிணறு. குடும்பத்தில் யார் யார் என்ற கேள்விக்கு, "மனைவி, மூன்று பிள்ளைகள்."

வேதாகமத்தை எடுத்து எண்ணினேன். அந்த ஏப்ரலுக்குள் ஐந்து பெயர் எழுதியிருக்கிறார். குழந்தைகள் போய் ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. நில அலுவலகத்தில் நின்று மூன்று என்று சொல்லியிருக்கிறார்.

மாமியாரிடம் "ஹெம்" என்ற சொல்லுக்குப் பொருள் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, கீறல் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

ராக் ஐலண்டிலிருந்து மனைவியின் பெயரும் கிடைத்தது, "டாட்டர்" என்று முடியும் முழுப்பெயர். முதல் வரியில் அதைத்தான் வைத்திருக்கிறேன். புல் கதையும் உண்டு. மாமியாரே அதை வாசிக்கிறேன் என்கிறார், அப்பா சொன்ன மாதிரியே.